பல்லிடுக்கில் ஒரு ஊர்

என் தம்பி வீட்டில் இருப்பான், ஆனால் இருக்க மாட்டான். இதை அடுத்தவர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "ஞாபக மறதியா?" என்பார்கள். இல்லை. "குடிப்பாரோ?" அதுவும் இல்லை, டீயே நான் கையில் திணித்தால்தான் குடிப்பான். "அப்புறம் என்னதான்?" என்று இழுக்கும்போது எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவனுக்கு இன்னொரு ஊர் இருக்கிறது, அங்கே வேலையாகப் போயிருக்கிறான் என்று உண்மையைச் சொன்னால், அவனை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நாங்கள் பல் செட் செய்கிறவர்கள். தரைத்தளத்தில் டாக்டரம்மாவின் பல் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் எங்கள் பட்டறை. அதற்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறையும், ஒரு நீளமான நடையும். டாக்டரம்மா வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றுவேன். தம்பி அதன்மேல் ரோஸ் நிற மெழுகைக் கட்டி, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடு காட்டிக் காட்டி ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பான். அந்த மெழுகு செட் கீழே போகும். வாய்க்குச் சொந்தக்காரர் அதைப் போட்டு, கண்ணாடி பார்த்து, கடித்து, சிரித்து, சரி என்று சொன்னால் மேலே வரும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் வேகவைப்போம். நான் பாலிஷ் போட்டால் முடிந்தது.

எங்கள் தொழிலில் சட்டம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி பார்த்து ஆள் சரி சொன்ன பிறகு பல்லில் கை வைக்கக் கூடாது. ஈறின் ஓரத்தை வழவழப்பாக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது. சரி சொன்ன பல், சரி சொன்ன இடத்தில் இருக்க வேண்டும்.

தம்பிக்குக் கை நல்ல கை. சும்மா சொல்லக்கூடாது. கை இங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆள் அங்கே போய்விடுவான். கண் திறந்தே இருக்கும், இமைகூட அசையாது, உதடு மட்டும் லேசாக அசையும். கூப்பிட்டால் "ம்" என்பான். அந்த "ம்"முக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வீடு பற்றி எரிகிறது என்றாலும் "ம்"தான்.

வேலை முடிந்ததும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டபடி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். எதிர்வீட்டுக்காரி அவனுக்கு ரயில் என்று பேர் வைத்திருந்தாள். "உங்க ரயில் கிளம்பிடுச்சா?" என்று என்னிடமே கேட்பாள். அவளிடம் நான் பேசுவதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது.

அந்த ஊரைப் பற்றி நானாகத் துருவித் துருவித் தெரிந்துகொண்டதுதான். அங்கே அவன் தண்ணீர் சப்ளை ஆபீசில் மேஸ்திரி. இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கனவு காண்கிறவன் ஒரு ராஜாவாகவோ, ஒரு கப்பல் கேப்டனாகவோ கண்டு தொலைக்கக் கூடாதா? மெனக்கெட்டு இன்னொரு உலகத்தைக் கட்டி, அதில் போய் ஓட்டைக் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே அவனுக்கு மேலதிகாரி இருக்கிறார், அவர் சிடுமூஞ்சி. கமிட்டி மீட்டிங் இருக்கிறது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, அந்தத் தெருக்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். மனைவி இருக்கிறாள், அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் வேலைவெட்டிக்குப் போகாதவன். சில நாள் சாப்பிட உட்கார்ந்தால் தம்பியின் முகம் வாடிக் கிடக்கும். "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்லக்கா" என்பான். வற்புறுத்தினால், மெயின் குழாய் வெடித்துவிட்டது என்று தெரியவரும்.

வால்வுகளைப் பற்றிப் பழைய புத்தகக் கடையிலிருந்து தடித்தடியாக வாங்கி வந்து அடுக்கியிருந்தான். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகியபோது பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "இவ்வளவு படிச்சியே?" என்றேன். "அது வேறக்கா, இது வீட்டுக் குழாய்" என்றான். அன்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

இவனை விட்டுவிட்டு நான் எங்கே போவது? இதுதான் என் பிரச்சினை. போவதற்கு ஒரு இடம் வராதவரை இது பிரச்சினையாகத் தெரியவில்லை. அப்புறம் லிஃப்ட்காரர் வந்தார்.

அவர் எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஆள். முதல் தடவை நான் அவர் குரலைத்தான் கேட்டேன். பல் செட் தட்டோடு இறங்கும்போது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்றது.

"எனக்குப் பயமில்ல" என்றேன். "இந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் கீழ வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கார். அவரை நினைச்சாத்தான்."

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்யாண வயதெல்லாம் தாண்டி, தலையில் பாதி நரைத்த பிறகு ஒருத்திக்கு ஒரு சிரிப்பு பிடித்துப்போனால் யார் குடி முழுகிவிடும்?

அவர் மனைவி இறந்து வெகு நாளாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாதாந்திர சர்வீசுக்கு வருகிறவர், மாதத்துக்கு இரண்டு தடவை வர ஆரம்பித்தார். லிஃப்டுக்கு ஒன்றுமில்லை என்று கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் உட்கார்ந்து டீ குடிப்பார். தம்பியோடு பேசிப் பார்ப்பார், "ம்" வரும், சிரித்துக்கொள்வார். ஒருநாள் என்னிடம், தன்னை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும் என்று சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் வந்தா நல்லா இருக்கும். முறைப்படி ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்றார்.

பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"தம்பி இருக்கான்" என்றேன்.

"தெரியும். அவரும் வரட்டும்."

"வரமாட்டான். அவனுக்கு இந்த நடை வேணும். இதே நீளத்துல."

லிஃப்ட்காரர் யோசித்தார். அவர் யோசிக்கிற ஆள், அதுதான் அவரிடம் தொல்லை. "தனியா இருந்தா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்பிரிட் விளக்கை மறப்பான். வெந்நீர்த் தொட்டியைப் போட்டுவிட்டு நடக்கப் போவான், தண்ணீர் வற்றி அடி பிடித்துக் கருகும். இதெல்லாம் நடந்திருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த தடவை வரும்போது பையில் ஒரு கருவியோடு வந்தார். அதைத் தொட்டியின் ஒயரில் பொருத்தி, தண்ணீர் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக அணையும்படி செய்தார்.

"லிஃப்ட் கதவுல என்ன கத்துக்கிட்டேன்னா," என்றார், "மனுஷனை நம்பி எதையும் விடக்கூடாது. அவன் யோசனையிலதான் இருப்பான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு சாக்கு போயிற்று.

அந்த வாரத்தில்தான் கணக்கு டீச்சரின் செட் வந்தது. ரிடையரான டீச்சர், டாக்டரம்மாவுக்கே ஒரு காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மேல்வரிசை முழு செட். மெழுகில் போட்டுப் பார்த்து, இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, ஒரு பல்லைக்கூட மாற்றச் சொல்லாமல் சரி சொல்லிவிட்டுப் போனார். மேலே வந்தது. தம்பி ஈறின் ஓரத்தை மட்டும் வழிக்க வேண்டும். வழித்தான், வேகவைத்தோம், பாலிஷ் போட்டேன், கீழே அனுப்பினேன்.

மறுநாள் டாக்டரம்மா மேலே ஏறி வந்தார். அவர் எங்கள் பட்டறைக்கு வருவது அபூர்வம். கையில் அந்த செட். மேசைமேல் வைத்து, முன்பல் இரண்டுக்கும் நடுவில் நகத்தால் தொட்டுக் காட்டினார். சந்து. ஒரு மெல்லிய தீக்குச்சி நுழைகிற அளவுக்குச் சந்து.

"டீச்சர் போட்டுப் பாத்தாங்க," என்றார் டாக்டரம்மா. "என்னைத் திட்டக்கூட இல்ல. 'நான் சரி சொன்னது இந்தப் பல் இல்லையே'ன்னு மட்டும் கேட்டாங்க. கிளாஸ்ல தப்பாப் போட்டுட்டு நின்ன மாதிரி நின்னேன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் செட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தெரிந்தவர்களைத் தெருவில் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. அடுத்த நிமிடம் அது செத்துவிட்டது.

"வேணும்னு பண்ணல டாக்டரம்மா" என்றான்.

"வேணும்னு பண்ணியிருந்தா பரவாயில்ல. திட்டிட்டு விட்டுடுவேன். தெரியாம பண்றவர்கிட்ட எப்படி வேலை கொடுக்கிறது?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது பாத்திருக்கக் கூடாதா? பாலிஷ் நீங்கதானே போட்டீங்க?"

பாலிஷ் போட்ட நேரத்தில் நான் பார்த்தே இராத ஒரு ஊரில், ஒரு வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். நீலமா பச்சையா என்று லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை டாக்டரம்மாவிடம் சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். "யாருடையதுடா இந்தச் சந்து?" என்றேன்.

அவன் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உன் வீட்டுக்காரியா?"

தலையாட்டினான். "அவ சிரிச்சா அப்படித்தான் இருக்கும். அன்னிக்கு மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறிடுச்சுக்கா. ராத்திரி பகலா வேலை பாத்து ஏத்திட்டோம். வீட்டுக்குப் போனேன், வாசல்ல நின்னு சிரிச்சா."

சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. என் தம்பியை அப்படி மலர்ந்து இந்த உலகத்தில் நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். இங்கே ஒருத்தி அவனுக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, விளக்கை அணைத்து, தொட்டியை அணைத்து, வந்த வாழ்க்கையை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறாள். அங்கே ஒருத்தி பல்லைக் காட்டிச் சிரித்தே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறாள்.

"எப்படிடா ஆரம்பிச்சுது இது?" என்று கேட்டேன். இத்தனை காலத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"குளியலறையில" என்றான்.

எந்தக் குளியலறை என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்த வீட்டுக் குளியலறை. அம்மா போன பிறகு அப்பாவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் சாமான் மிஞ்சாது. கோபம் தினமும் வந்தது. நான் தம்பியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடுவேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் கதவில் முதுகைக் கொடுத்து நிற்பேன், அவன் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருப்பான்.

"எதிர்ல குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும்" என்றான். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நினைச்சேன். சுவருக்குள்ள போனேன். அப்புறம் தெருவுக்கு அடியில. அப்படியே போய்க்கிட்டே இருந்தேன். ஒரு டாங்க் வந்துச்சு. அங்க ஒரு ஆபீஸ் இருந்துச்சு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க."

நான் முதுகில் ஒவ்வொரு உதையாக வாங்கிக்கொண்டு நின்றிருந்தபோது, இவன் ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். அந்த நிமிடம் அவனை எனக்கு அடியோடு பிடிக்கவில்லை.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நடைக்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டேன். "இன்னியோட சரி," என்றேன். "அந்த ஆபீசுக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துடு. இங்க இருக்கப் பழகு. நான் போகணும்னா நீ இங்க இருக்கணும்." கடைசி வாக்கியம் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவனுக்கு அது காதில் விழுந்ததா என்று அப்போது தெரியவில்லை.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. சொன்னதைக் கேட்டான். கண் நிலைகுத்தினால் நான் மேசையைத் தட்டுவேன், திடுக்கிட்டுத் திரும்பி வருவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. விளக்கை அவனே அணைத்தான். கூப்பிட்டால் "என்னக்கா" என்றான். எதிர்வீட்டுக்காரிகூட "ரயில் ஷெட்டுக்குப் போயிடுச்சா?" என்று விசாரித்தாள். எனக்கு ஒரே பெருமை.

பிறகு ஒருநாள் பல் நட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான். "அக்கா, அப்பா அந்த ஸ்டூலைத் தூக்கி எறிஞ்சப்ப நீ எங்க நின்ன?"

"எந்த ஸ்டூல்?"

"மூணு கால் ஸ்டூல். உன் தோள்ல தழும்பு இருக்கே, அதுல வந்ததா?"

"வேலையைப் பாரு" என்றேன்.

அவனால் பார்க்க முடியவில்லை. மறுபடி மறுபடி வந்தது. அன்றைக்கு ரத்தம் வந்ததா? நீ ஏன் கத்தவில்லை? பக்கத்து வீட்டில் யாருக்கும் கேட்கவில்லையா? நான் அதையெல்லாம் நடந்தபோதே பார்த்து, பட்டு, முடித்துவிட்டவள். எனக்கு அது பழைய சமாசாரம். அவனுக்கு இப்போதுதான் தபால் வந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று என்றில்லாமல் மூட்டையாக வந்து இறங்கியது. சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. டீச்சரின் புது செட்டுக்கு நட்ட பற்கள் கூட்ட நெரிசலில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பிரித்து நட்டான். மறுபடி இடித்தன. சூடான கத்தியை உள்ளங்கையில் வைத்துச் சுட்டுக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அவன் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அந்தத் தண்ணீரைப் பார்த்தான், உடனே பயந்துபோய் என்னைப் பார்த்தான். "போகலக்கா" என்றான். "இங்கதான் இருக்கேன்."

சின்ன வயதில் அப்பா அவனைப் பயமுறுத்தி வைத்த மாதிரிதான் நானும் செய்துகொண்டிருக்கிறேன், கை ஓங்காமல். பீரோவைத் திறந்தேன். ஹெட்ஃபோனை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

"போ," என்றேன். "போய் உன் தண்ணி வேலையைப் பாரு. பாவம், எத்தனை நாளா ஊர் வறண்டு கிடக்கோ."

அன்று மாலை ரயில் ஓடியது. மறுநாள் டீச்சரின் செட்டை ஒரே மூச்சில் நட்டு முடித்தான். நான் தீக்குச்சியும் கையுமாக நின்று ஒவ்வொரு பல்லிடுக்காகச் சோதித்தேன். டீச்சர் போட்டுப் பார்த்து, "இதுதான்" என்று சொன்னாராம். இனிமேல் வேகவைப்பதற்கு முன் எல்லா செட்டையும் தானே ஒரு தடவை பார்த்துவிடுவதாக டாக்டரம்மா சொன்னார். வேலை போகவில்லை.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. தொட்டி தானாக அணைகிறது. பல்லை டாக்டரம்மா பார்க்கிறார். ஸ்பிரிட் விளக்குக்கும் லிஃப்ட்காரர் ஒரு ஏற்பாடு செய்து, நேரமானால் தானாக மூடி விழுகிற மாதிரி வைத்துவிட்டார். தம்பிக்கு முட்டை பொரிக்கத் தெரியும், மற்றதற்குக் கீழே கடை இருக்கிறது. என் கையில் ஒரு சாக்குகூட மிச்சமில்லை.

லிஃப்ட்காரர் கடைசி சர்வீசுக்கு வந்தார். சாவிகளையெல்லாம் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மேலே வந்து, உட்காராமல் நின்றார்.

"நாளன்னிக்குக் கிளம்பறேன்" என்றார். "இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சுட்டுப் போறேன்."

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்புறம் ஏன்?"

"நாளைக்குச் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், வாய்க்கு வந்தபடி பேசி முடித்திருப்பேன். என்னால் அவரிடம் சொல்ல முடியாமல் போனது இதுதான்: நான் போனால் இவனுக்கு ஆபத்து வரும் என்ற பயமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நான் போனது இவனுக்குத் தெரியாமலே போய்விடுமோ என்றுதான் பயமாக இருந்தது. காலையில் நான் பெட்டியோடு இறங்கியிருப்பேன், அவன் யாருமில்லாத சமையலறையைப் பார்த்து "ம்" என்று சொல்லிவிட்டு நடக்கப் போவான். என் ஆயுசில் பெரிய பகுதியை வாங்கிக்கொண்ட ஒரு வேலைக்கு அவ்வளவுதான் மிச்சமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் போக எனக்கு மனசில்லை. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை.

மறுநாள் மத்தியானம் பட்டறையில் அவனுக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் ஒரு கீழ்வரிசைக்கு மெழுகு கட்டிக்கொண்டிருந்தான்.

"உன் ஊர்ல நான் யாருடா?" என்றேன்.

கத்தி விளக்குச் சுடரிலேயே நின்றது. "நீ அக்காதான்" என்றான்.

"எந்தத் தெருவுல இருக்கேன்?"

"நீ அந்த ஊர்ல இல்லக்கா. கல்யாணம் ஆகிப் போயிட்ட. ரொம்ப வருஷமாச்சு."

எனக்கு வந்ததே கோபம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டுடா என்னை அனுப்பி வச்ச?"

"நீதான் வந்து கேட்ட. போகட்டுமாடான்னு. நான் சரின்னேன்."

"மாப்பிள்ளை யாரு?"

"மீட்டர் பாக்கறவரு."

"ஏன், உன் ஆபீஸ்ல ஒரு இன்ஜினியர்கூடவா கிடைக்கல?"

"நல்லவருக்கா. நீ திட்டினா சிரிப்பார். லீவுல ரெண்டு பேரும் வருவீங்க. நீ வந்ததும் வராததுமா வீட்டைக் கூட்ட ஆரம்பிச்சுடுவ. என்னைத் திட்டிக்கிட்டே இருப்ப."

"அங்கேயுமா?"

"அங்க கொஞ்சம் கம்மியா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. "நான் கிளம்பினப்ப நீ என்ன பண்ணின?"

"ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். பெட்டியை ஏத்தி விட்டேன். அப்புறம் ஒரு வால்வு ரிப்பேர் இருந்துச்சு, போயிட்டேன்."

"அழுதியா?"

அவன் இந்தக் கேள்வியே புரியாதவன் போல என்னைப் பார்த்தான். "இல்லக்கா. அங்க யாரும் அழ மாட்டாங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தேன். "சரி. அங்க கேட்டது எனக்குத் தெரியாது," என்றேன். "இங்க கேக்கறேன். லிஃப்ட்காரர் நாளைக்குக் கிளம்பறார். நான் போகட்டுமா?"

அவன் கத்தியை வைத்தான். விளக்கின் மூடியைத் தானே கவிழ்த்தான். ஹெட்ஃபோனைக் கழுத்திலிருந்து கழற்றி, எட்டாத தூரத்தில், மேசைக் கோடியில் வைத்தான். அவன் கண்ணை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நிலைகுத்துவதற்கு முன்னால் எப்படி இளகும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. போய்விடுவான், இப்போது போய்விடுவான் என்று காத்திருந்தேன்.

"லிஃப்ட்காரரும் நல்லவர்தான்" என்றான். மேசையில் சிந்திக் கிடந்த மெழுகை நகத்தால் சுரண்டினான். அவன் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. "இங்க கஷ்டமா இருக்கும்க்கா" என்றான். "நீ போனா, இங்க ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

"தெரியும்டா" என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

"போ" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடிக்கொள்ளாமல், என்னைப் பார்த்துக்கொண்டே அழுதான். அவ்வளவு உதைக்கும் வாளிமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தவன். கட்டிப் பிடித்துக்கொள்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது, எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து நானும் அழுதேன். அழுது முடிகிற வரைக்கும் அவன் எங்கேயும் போகவில்லை.